அக்காவின் 13, என் 5

"உங்களுக்கென்ன, வரி வெறும் அஞ்சு சதவீதம்தானே!" டொராண்டோவில் இருக்கும் அக்கா போனில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். அங்கே 13 சதவீதம். இங்கே கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் பிரதேச விற்பனை வரி என்று ஒன்று கிடையாது. மத்திய அரசின் ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும்தான்.

போன வாரம் சலவைத்தூள் டப்பா ஒன்று வாங்கினேன். 55 டாலர். வரி 2 டாலர் 75 சென்ட். அதே டப்பா அக்கா வீட்டுத் தெருமுனைக் கடையில் 20 டாலர்தான். அவள் கட்டுவது 2 டாலர் 60 சென்ட். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீதக்காரியான நான்தான் 15 சென்ட் அதிகம் கட்டியிருக்கிறேன்.

நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்கும் தெற்கிலிருந்து சாலை இல்லை. ரயிலும் இல்லை. கோடையில் கடல் பனி விலகினால் கப்பல், மற்றபடி வருஷம் முழுக்க விமானம். அந்தக் கூலி முழுவதும் சாமான் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏறிய விலைக்குத்தான் வரி. அதாவது தூரத்துக்கும் சேர்த்து நாங்கள் வரி கட்டுகிறோம். சரி, கடை வேண்டாம், நாமே மொத்தமாக வரவழைப்போம் என்று கப்பலில் இடம் பிடித்தால், மாவுக்கு வரியில்லை. அந்த மாவை ஏற்றிவரும் கப்பல் கூலிக்கு வரி.

அரிசி, மாவு, பால், இறைச்சிக்கு வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் சோப்பு, பற்பசை, குழந்தையின் டயப்பர்? எல்லாவற்றுக்கும் உண்டு.

எனக்கு மனசு ஆறாதது பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷயத்தில்தான். பூர்வகுடி இனுயிட் வேட்டைக்காரர். சீல் கிடைத்த நாளில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். கடையில் உறைந்த கோழி வாங்குகிறவருக்கு வரியில்லை. சொந்த ஊர்க் கடலில் சீல் பிடித்து நாலு வீட்டுக்குச் சோறு போடுகிற மனிதர் தோட்டாவுக்கு வரி கட்டுகிறார், பெட்ரோலுக்குக் கட்டுகிறார், ஸ்னோமொபைலுக்கும் கட்டுகிறார். தெற்கே விவசாயி 60 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் வாங்கினால் வரி பூஜ்யம். உணவு விளைவிக்கிறவருக்கு அந்தச் சலுகை நியாயம்தான். உணவை வேட்டையாடிக் கொண்டுவருகிறவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

பெரிய சிகிச்சை என்றால் இங்கிருந்து ஆட்டவாவுக்குப் போகவேண்டும். விமானத்தில் மூன்று மணி நேரம். போன இடத்தில் விலை மலிவு என்று நமக்குக் குளிர் சட்டை, பூட்ஸ் வாங்கினால் அங்கே ஒன்டாரியோ மாகாண வரியும் சேரும். பொருளை 30 நாளுக்குள் மாகாணத்தைவிட்டு வெளியே கொண்டுவந்தால் மாகாணப் பங்கைத் திரும்பக் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. படிவம் நிரப்பி, ரசீது காட்டி, காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் அலைந்துகொண்டிருக்கும் தாய்க்கு அந்த விதியை யார் சொல்வது?

வடக்கே குடியிருப்பவர்களுக்கு வருமான வரியில் தனிக் கழிவு உண்டே என்பார்கள். சம்பளம் வாங்கும் எனக்கு அது உதவுகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பெரியவருக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனமில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்குக் கொடுக்கும் ஜிஎஸ்டி ஈட்டுத்தொகையும் டொராண்டோவுக்கும் எங்களுக்கும் ஒரே கணக்குத்தான். 20 டாலர் டப்பாவும் 55 டாலர் டப்பாவும் அதற்கு ஒன்று.

செய்ய முடியாத காரியத்தையா கேட்கிறோம்? மாதவிடாய்ப் பொருட்களுக்கு 2015 ஜூலையில் இந்த வரியை எடுத்தார்கள். நல்ல காரியம். 2024 டிசம்பர் 14 முதல் இரண்டு மாதம் டயப்பர், குழந்தைகள் உடை என்று பலவற்றுக்கும் வரியை நிறுத்திவைத்தார்கள். மனசு வைத்தால் முடிகிறது. சோப்புக்கும் டயப்பருக்கும் தோட்டாவுக்கும் வடக்கில் நிரந்தரமாக நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2025 பிப்ரவரி 16-ஆம் தேதி காலை டயப்பருக்கு மறுபடி வரி வந்துவிட்டது.