பரணை மச்சாக்க மனையடி சாஸ்திரம் எதற்கு?

வீட்டில் இடம் போதவில்லை. பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள். புது மனை வாங்கவோ கையில் பணமில்லை. ஆகவே ஓட்டுக் கூரையின் கீழ் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடக்கும் பரணை மனிதர் குடியிருக்கும் மச்சாக மாற்றிக் கொள்ளலாமே என்று செங்கல்பட்டுச் சீமையில் ஒரு குடும்பஸ்தர் யோசிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நல்ல யோசனைதான். ஆனால் அவர் வீட்டிற்குள் முதலில் அழைக்கப்படுகிறவர் யார்? கொத்தனாரா? தச்சரா? இஞ்சினீயரா? இல்லை. பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிய வாஸ்து சோதிடரே அழைக்கப்படுகிறார்.

அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. கைமரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று கேட்பதில்லை. "ஈசானிய மூலையில் படி வைக்காதே, கன்னி மூலை தாழக் கூடாது, எட்டடி பாக்கியம், ஏழடி தரித்திரம்" என்று சொல்லித் தட்சிணை வாங்கிக் கொண்டு போய் விடுகிறார்.

நாம் கேட்கிறோம்: அந்த அடி யாருடைய அடி? இன்று அளக்கும் டேப்பிலுள்ள அடி 30.48 சென்டிமீட்டர் கொண்டது. அது வெள்ளைக்காரன் கொண்டு வந்த அளவு. சீமையிலிருந்து வரப்போகும் அடிக்கோலை நம் ரிஷிகள் ஞானதிருஷ்டியால் முன்னமே கண்டு பலன் எழுதி வைத்தார்களா? அதே அறையை மீட்டரில் அளந்து விட்டால் அந்தத் தரித்திரம் எங்கே ஓடிப் போகும்?

மாமல்லபுரத்தைப் பாருங்கள், சாஸ்திரப்படி கட்டியதால்தானே இன்றும் நிற்கிறது என்பார்கள் சிலர். பார்ப்போம். தர்மராஜ ரதம் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. மேல் தளங்கள் முடிந்திருக்க, அடித்தளம் இன்றும் அரைகுறையாகவே இருக்கிறது. மற்ற ரதங்களிலும் வேலை முடியவில்லை. பல்லவ அரசனுக்கு நல்ல நாள் பார்த்துச் சொல்ல ஒரு சோதிடன் கிடைக்கவில்லையா? அவை 1,300 வருஷங்களுக்கு மேலாக நிற்பது பாறையின் உறுதியாலும், உளி பிடித்தவனின் கை வேலையாலும், கணக்காலுமே ஒழிய முகூர்த்தத்தால் அல்லவே அல்ல.

நிற்க. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மனிதர் வாழும் அறையின் தளம், தன் சொந்தப் பளு போக, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்பது கட்டடக் கணக்கு. பத்தடிக்குப் பத்தடி அறையானால் ஏறக்குறைய 1,850 கிலோ. பழைய அண்டாவும் குண்டாவும் வைக்கப் போட்ட பரண் பலகை இதைத் தாங்குமா? களிமண் சாந்தில் எழுப்பிய சுவர் தாங்குமா? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? சரிந்த கூரையின் கீழ் சராசரி ஒன்பதடி உயரமாவது கிடைக்குமா? சித்திரை வெயிலில் ஓட்டுச் சூடு வெளியேற எதிரெதிரே ஜன்னல் உண்டா? கடலோரமானால் உப்புக் காற்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடல் மணல் கலந்தால் கேடு இன்னும் சீக்கிரம் வரும். இந்தத் தோஷத்திற்குப் பரிகாரம் பூசணிக்காய் உடைப்பதல்ல. நல்ல மணலும் நல்ல காரையுமேயாகும்.

சட்டமும் இருக்கிறது. 2010-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட புராதனச் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். மேல்நோக்கி உயர்த்துவதும் அந்தச் சட்டத்தில் கட்டடம் கட்டுவதாகவே எண்ணப்படும். மாமல்லபுரத்தார் முதலில் அளக்க வேண்டிய தூரம் இதுதான். வாஸ்து புருஷன் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறான் என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

மச்சு வீடு என்பது இந்நாட்டில் வெறும் இட வசதி மாத்திரமாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் திருவாங்கூரில் நாடார்கள் ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்று தடை இருந்தது. அது எந்த மூலையின் தோஷம்? எந்தச் சாந்தி செய்து அது நீங்கிற்று? போராடியல்லவா நீங்கிற்று! அந்தச் சமூகத்திலே பிறந்த பட்டிவீரன்பட்டி சௌந்திரபாண்டியன் அவர்கள்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். ஜாதிப் பட்டத்தை விட வேண்டும் என்றும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானமாயிற்று. அந்தச் சொத்துரிமையைச் சட்டமாகத் தமிழ்நாடு காண 1989-ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனை காலமும் ஏணி வைத்து அந்தப் பரண் மேல் ஏறி இறங்கினவர் உங்கள் வீட்டுப் பெண்கள். எங்கே தலை இடிக்கும், எந்தப் பலகை ஆடும், எந்த ஓட்டில் மழை ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியாது, சோதிடருக்கும் தெரியாது. திட்டம் போடும்போது அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். சோதிடருக்குக் கொடுக்கும் பணத்தை இஞ்சினீயருக்குக் கொடுங்கள். மச்சு முடிந்ததும் மகனுக்கென்று ஒதுக்கி விட்டு, மகளைப் பழையபடி அடுப்பங்கரை ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார வைக்காதீர்கள். மகளுக்கு இடமில்லாத மச்சு எத்தனை அடி உயர்ந்தாலும் பரண்தான்.