தெரியாது என்று சொல்லத் தெரிய வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் வந்தால், கோல் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வருவதுண்டு. மத்தியத் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வில் தேறி, ஷாஜகான் சாலை தோல்பூர் ஹவுஸில் நேர்முகத் தேர்வுக்கு வரும் அக்கா மகனோ, சித்தப்பா பேத்தியோ! தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து வந்து இறங்கும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? காபி கொடுத்த கையோடு, "எங்கே, உன்னைப் பத்திச் சொல்லு பார்க்கலாம்" என்று ஆரம்பித்து விடுகிறோம். பிள்ளை விழித்தால், "தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே, எதையாவது சொல்லிச் சமாளி" என்று உபதேசம் வேறு. இந்த உபதேசம் தவறு என்பது என் கருத்து.

நான் டிப்ளமா முடித்து வேலை தேடிய காலத்தில் எனக்கும் இதே உபதேசம் கிடைத்தது. ஒரு நேர்முகத் தேர்வில், தண்டவாளங்களுக்கு இடையே சந்து விடுவது ஏன் என்று கேட்டார்கள். வெயிலில் எஃகு நீளும் என்றேன். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும் என்று கணக்கும் சொன்னேன். "அப்படியானால் சந்தே இல்லாமல் பற்றவைத்த நீண்ட தண்டவாளம் என்ன ஆகும்?" என்றார் நடுவில் இருந்த பெரியவர். எனக்குத் தெரியாது. ஆனாலும், "அதற்கு வேறு வகை எஃகு, சார்" என்று அடித்து விட்டேன். "எந்த வகை?" என்றார். அத்தோடு என் கதை முடிந்தது.

விடையைப் பிற்பாடு வேலையில்தான் கற்றேன். எஃகு வேறல்ல. ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிப்பதால் நடுப்பகுதி நீள முடியாமல் அந்த விசையைத் தனக்குள்ளேயே தாங்கிக்கொள்கிறது. இரு முனைகள் மட்டுமே அசைகின்றன. அன்று, "தெரியவில்லை சார், ஆனால் அதை ஏதோ ஒன்று அசையாமல் பிடித்தாக வேண்டும்" என்று சொல்லியிருந்தால் பாதி விடை வந்திருக்கும், என் யோக்கியதையும் தெரிந்திருக்கும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவனை நம்பி எந்த அதிகாரி பாதையில் ரயிலை விடுவார்?

"மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275 ஆயிற்றே, அதைத் தெரியாது என்று சொல்லியா இழப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அறிவைச் சோதிக்கத்தான் எழுத்துத் தேர்வில் 1750 வைத்திருக்கிறார்கள். நேர்முகம் என்பது குறுக்கு விசாரணை அல்ல, நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்று ஆணையத்தின் விதியே சொல்கிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் அந்த உரையாடலையும் தமிழிலேயே நடத்தலாம்.

அதற்காகத் தயாரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தான் நிரப்பிய விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை பொறுப்பேற்க வேண்டும். பொழுதுபோக்கு தோட்டக்கலை என்று எழுதினால், டெல்லியில் எந்த மாதம் என்ன விதைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சொந்த ஊர் தஞ்சாவூர் என்று எழுதுவார்கள். கேள்வியும் அங்கிருந்தே வரும். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் பார்த்தது மட்டுமே தெரியும் என்றால் அதையே சொல்லட்டும். மனப்பாடம் செய்த நெல் உற்பத்திக் கணக்கைவிட அது மேல்.

"இப்போது பல வேலைகளுக்கு நேர்முகமே கிடையாதே" என்பாரும் உண்டு. உண்மைதான். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெஜடட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகம் இல்லை. சிபாரிசுக்கு ஒரு வாசல் அடைபட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதிகாரி பதவிக்கும் தனியார் கம்பெனிக்கும் இன்றும் எதிரே உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற நம்மில் மூன்று நான்கு பேர் ஞாயிறு காலைகளில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம். பிள்ளைகள் வரட்டும், கேட்போம். "தெரியாது" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லும் பிள்ளைக்கு முதல் பாராட்டு நம்முடையதாக இருக்கட்டும்.