வானத்தின் மேல் பழி போடாதீர்கள்!



செய்திகளில் அடிக்கடி ஒரு வாக்கியம் வரும்: "செயற்கைக்கோள் மூலம் இருப்பிடம் கண்டறியப்பட்டது." இதைக் கேட்டதும் நம்மில் பலர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அங்கிருந்து யாரோ தொலைநோக்கியால் நம் வீட்டு மொட்டைமாடியை வேவு பார்ப்பதாக ஓர் எண்ணம். ஆனால் வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நீங்கள் யாரென்றும் தெரியாது, எங்கே இருக்கிறீர்கள் என்றும் தெரியாது. பாவம், அதன் மேல் வீண்பழி!

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் இந்தக் கோள்கள் பார்ப்பது மணிக்கூண்டின் வேலை. "நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மணிக்கூண்டு ஊருக்கெல்லாம் மணி அடிக்கும். யார் யார் கேட்டார்கள் என்று குறித்து வைக்காது.

கணக்குப் போடுவது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசி. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் செல்பேசியின் கடிகாரம் அத்தனை துல்லியமானதல்ல. அதன் பிழையையும் கண்டுபிடிக்க நான்காவது கோள் தேவை. தெரியாத எண்கள் நான்கு, சமன்பாடுகள் நான்கு. "இந்த அல்ஜீப்ரா எதற்கு உதவும்?" என்று இனி யாரும் கேட்கக்கூடாது!

நேரம் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். அங்கும் ஐன்ஸ்டைன் குறுக்கிடுகிறார். உயரத்தில் ஈர்ப்பு குறைவு. அதனால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோவினாடி முந்துகிறது. கோளின் வேகத்தால் 7 மைக்ரோவினாடி பிந்துகிறது. மிச்சம் 38. அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ.க்கு மேல் ஓடிவிடும்! இதையெல்லாம் கணக்கில் கொண்டுதான் அந்தக் கடிகாரங்களை ஓட விடுகிறார்கள்.

அப்படியானால் நம் இருப்பிடம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு வழிகள் உண்டு. அழைப்பு வந்து சேர வேண்டுமானால், நாம் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறோம் என்று தொலைபேசி நிறுவனம் அறிந்திருக்க வேண்டும். அது தவிர்க்க முடியாதது. இன்னொன்று, நாமே கொடுத்த அனுமதி. செயலியைப் பயன்படுத்தத் தொடங்கும்போது "இருப்பிடத்தை அறியலாமா?" என்று அது கேட்கிறது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிடுகிறோம். டார்ச் விளக்குச் செயலிக்கு நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரிந்து என்ன ஆகவேண்டும்? வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2013-இல் அப்படி ஒரு டார்ச் செயலி, பயன்படுத்துவோரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊர் வரைபடத்தை முன்கூட்டியே செல்பேசியில் பதிவிறக்கிக்கொண்டு, ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். பெரும்பாலான செல்பேசிகளில் அந்த நீலப் புள்ளி அப்போதும் உங்களோடு நகர்ந்து வரும். செல்பேசி எதையும் வெளியே அனுப்பவில்லை. வானத்துச் செய்தியைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்.

"எல்லாம் மேலே இருப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று நினைத்தால், நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவோம். சொல்லுவது கையிலுள்ள கருவி என்று தெரிந்தால், "யாரிடம் சொல்லுகிறாய்? எதற்காக?" என்று கேட்கத் தோன்றும். இன்று மாலை வீட்டில் உள்ள செல்பேசியின் அமைப்புகளைத் திறந்து, எந்தெந்தச் செயலிகளுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தேவையில்லாதவற்றை மூடிவிடுங்கள். அதற்கு ராக்கெட் எதுவும் தேவையில்லை. ஒரு விரல் போதும்.