விருந்தோம்பலும் ஒரு கல்வியே



கொல்கத்தாவின் துர்க்கா பூசையை 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யுனெஸ்கோ தன் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வங்கத்துக்குப் பெருமை, வங்கத்தில் வாழும் நமக்கும் மகிழ்ச்சி. ஆனால், அப்பெருமையைக் காண வருவோரை வரவேற்கக் கற்றிருக்கிறோமா? இதுவே என் கேள்வி.

சென்ற பூசை விடுமுறையில் மதுரையிலிருந்து என் அத்தை வந்திருந்தார். முழங்கால் நோவினால் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நல்லவர். ஆண்டுக் கணக்கெல்லாம் அவர் நுனிநாவில் நின்றது. ஓரிடத்தில் படிக்கட்டைக் கண்டதும், "அம்மையார் ஏறுவாரா?" என்று என்னைக் கேட்டார். "ஏறமாட்டார்" என்றேன். அத்தை ஒரு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பியதும் சொன்னார்: "நின்று நின்று ஏறியிருப்பேனேடா! காலில்தானே நோவு, வாயில் இல்லையே? அவருக்குத்தான் தமிழ் தெரியாது, உனக்குமா தெரியாது?"

நான் தலைகுனிந்தேன். வழிகாட்டிக்கு வரலாற்றைக் கற்பித்தவர்கள், வருவோரிடம் பேசக் கற்பிக்கவில்லை. எனக்கும் எவரும் கற்பிக்கவில்லை.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கூறிற்று. புதிய சட்டமோ இருபத்தொன்றைக் கூறுகிறது. சட்டம் சாய்தளம் கட்டச் சொல்லும். சாய்தளத்தின் முன்னே நிற்கும் மனிதனின் மனத்தை யார் சீர்செய்வது?

"பண்பு பிறவியில் வருவது, வகுப்பறையில் வாராது" என்பர் சிலர். வேலூரைப் பாருங்கள்! மருத்துவம் நாடி அங்கே செல்லும் வங்காளியர்க்காக, விடுதிக்காரரும் கடைக்காரரும் வங்காளம் பேசுகின்றனர். பெயர்ப்பலகையிலும் வங்க எழுத்து. உணவகத்தில் மீன்குழம்பும் சோறும். அவர்கள் அதனைப் பிறவியிலா பெற்றனர்? பழகிக் கற்றனர். அனுபவம் நல்லாசான்தான். ஆனால் அவ்வாசானிடம் பாடம் முடியப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதுவரை அத்தைமார் வண்டியிலேயே காத்திருப்பதா? ஆகவேதான் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

இயற்கையைக் காப்பதும் அப்பயிற்சியில் அடங்க வேண்டும். நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலம் இருக்கிறது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நகரின் கழிவுநீர் கால்வாய் வழியே அங்குள்ள ஏரிகளை அடைகிறது. கதிரொளியும் பாசியும் நுண்ணுயிரும் அதைத் தூய்மையாக்க, அதிலே மீன் வளர்கிறது. அதன் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். ஓட்டல் பணியாளர் சாக்கடையில் ஊற்றும் நஞ்சு, நாளை மீனாக விருந்தினர் இலைக்கே திரும்பலாம். இதை ஒருமுறை நேரிற் கண்டவர், பிறகு கண்டதையும் ஊற்றுவாரா?

யார் கற்பிப்பது? சக்கர நாற்காலியில் வருபவரும், பார்வையற்றவரும், அந்த ஏரிக்கரை மீனவருமே ஆசான்களாகட்டும். அரைநாள் சொற்பொழிவும் அழகிய சான்றிதழும் போதா.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் வழிவந்த நாம், நம் சங்கத்திலேயே இதைத் தொடங்கினால் என்ன? இவ்வளாகத்தில் சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவரை அழைப்போம். அவர் வழிகாட்ட நாம் பின்செல்வோம். அடுத்த பூசைக்கு அத்தை மீண்டும் வருகிறார். இம்முறை நான் முதலில் அவரைத்தான் கேட்பேன்.