தீப்பெட்டி யார் கையில்?

தை, மாசி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காட்டுப் பாதையின் ஓரத்தில் புல்லைச் செதுக்கி, வரிசையாக நின்று, தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். தீத்தடுப்புக் கோடு என்று இதற்குப் பெயர். கோடைக்கு முன்பே ஒரு பட்டையை எரித்துவிட்டால் பெரிய தீ அதைத் தாண்டிப் பரவாது என்பது கணக்கு. வைக்கச் சொல்வது வனத்துறை. வைப்பவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த ஆதிவாசி. அதே ஆள், அதே மாதத்தில், அதே புல்லில், தன் பாட்டன் சொல்லிக்கொடுத்தபடி ஒரு குச்சியைக் கிழித்தால் வனக்குற்றவாளி.

தீ ஒன்றுதான். உத்தரவு போடுகிறவன் யார் என்பதில்தான் வித்தியாசம். அவன் சொன்னால் மேலாண்மை, இவன் செய்தால் குற்றம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா, தோழர்களே?

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது பிலிகிரிரங்கன் மலை. அங்கே வாழ்பவர்கள் சோளகர்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' படித்தவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அவர்களுடைய சொந்தபந்தங்களைத் தெரிந்திருக்கும். 1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் ஆனது. இடையில் சோளகர்களின் காட்டு விவசாயம் நின்றது, வேட்டை நின்றது, தீ வைப்பது நின்றது. பின்னர் தேனும் நெல்லியும் எடுத்து விற்பதற்கும் தடை வந்தது.

அந்த மலையின் பெரும்பகுதி அடர்ந்த மழைக்காடு அல்ல. புல்லும் மரமும் கலந்த காடு. கருமருது, வேங்கை, நெல்லி என்று மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும். நடுவில் இடுப்பளவு புல். சூழலியலில் இதைச் சவன்னா என்கிறார்கள். இந்தக் காட்டுக்கு வெயில் வேண்டும், மேய்ச்சல் வேண்டும், அவ்வப்போது சிறு தீயும் வேண்டும். புல்லின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தாலும் கீழிருந்து துளிர்க்கும். வளர்ந்த மரத்தைத் தடித்த பட்டை காப்பாற்றும். புதுத் துளிரைத் தேடி மானும் காட்டெருதும் வரும். அவை வந்தால்தான் புலி வரும்.

சோளகர்கள் இதைச் செய்து தெரிந்துகொண்டவர்கள். தரகு பெங்கி என்பார்கள். நம் தமிழில் சருகுத் தீ. கோடை முற்றுவதற்கு முன், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே வைக்கும் தீ. அது காலடியில் ஓடிச் சருகைத் தின்றுவிட்டு அணைந்துவிடும், மரத்தில் ஏறாது.

வெள்ளைக்காரனின் வனத்துறைக்கு இந்தக் காடு காடாகவே தெரியவில்லை. கப்பலுக்கும் தண்டவாளத்துக்கும் மரம் வேண்டியவனுக்குப் புல் எதற்கு? மரம் நெருங்கி நின்றால் உயர்ந்த காடு, தள்ளி நின்றால் சீரழிந்த காடு என்று தரம் பிரித்தான். 1882இன் சென்னை வனச் சட்டமும் 1927இன் இந்திய வனச் சட்டமும் தீயைக் குற்றமாக்கின. ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் போன்ற சூழலியலாளர்கள் இது சீரழிந்த காடல்ல, தன்னளவில் முழுமையான சவன்னா என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பழைய பார்வை இன்னும் போகவில்லை. ஒன்றை முதலில் தாழ்ந்தது என்று முத்திரை குத்துவது, பிறகு அதை 'உயர்த்துவதாக'ச் சொல்லி அழிப்பது. இந்த வித்தையைச் சேரியிலிருந்து வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தீயை நிறுத்தியதால் என்ன ஆயிற்று? உண்ணிச்செடி வந்தது. அழகுக்காக வெள்ளையர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த தென்னமெரிக்கச் செடி அது. பிலிகிரிரங்கன் மலையில் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் செய்த ஆய்வு இப்படிச் சொல்கிறது: 1997இல் ஆய்வுப் பரப்புகளில் 41 விழுக்காட்டில் இருந்த உண்ணி, 2008இல் 81 விழுக்காட்டுக்குப் பரவியிருந்தது. முன்பு 20 நாட்டுத் தண்டுக்கு ஓர் உண்ணித் தண்டு, பதினோரு ஆண்டுகளில் இரண்டுக்கு ஒன்று. உண்ணிக்கடியில் புல் முளைக்காது, மரக்கன்றும் தலைதூக்காது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியதற்கும் தீ நின்றதுதான் காரணம் என்று சோளகர்கள் சொன்னார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டு எழுதவே பல ஆண்டுகள் ஆயின.

காய்ந்த உண்ணி ஏணி மாதிரி. தரையில் போகும் தீயை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடும். பக்கத்துப் பந்திப்பூரில் 2019 பிப்ரவரியில் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோதும் காய்ந்த உண்ணிப் புதர்கள் எரிபொருளாயின. சிறு தீயைத் தடை செய்து பெருந்தீயை வரவழைத்திருக்கிறோம்.

அப்படியானால் நாளைக்கே போய்க் கொளுத்திவிடலாமா? கூடாது. ஐம்பது ஆண்டுத் தவறை ஒரு குச்சியில் சரிசெய்ய முடியாது. முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும். பறவை எச்சத்தில் மறுபடி முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைய வேண்டும். புல் திரும்ப வேண்டும். அதன் பிறகே சருகுத் தீ. எந்தச் சரிவில், எந்த வாரத்தில், எந்தக் காற்றில் என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். அந்த அறிவுள்ள முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இழப்பு என்பது இதுதான்.

இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(i): சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை. 2011 அக்டோபரில் பிலிகிரிரங்கன் மலையின் 25 கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆனால் பட்டயத்தைக் கொடுத்துவிட்டுத் தீப்பெட்டியை வனத்துறையே வைத்துக்கொண்டது. உண்ணி வெட்டச் சோளகர் வேண்டும், தீக்கோடு போடச் சோளகர் வேண்டும், காவலுக்குச் சோளகர் வேண்டும். திட்டம் எழுதும் மேசையில் மட்டும் அவருக்கு நாற்காலி கிடையாது. கை உங்களுடையது, மூளை எங்களுடையது என்பதற்குப் பெயர் அறிவியல் அல்ல, சாதி. அறிவு ஒருவனுக்கு, உழைப்பு இன்னொருவனுக்கு என்று பிரித்ததை எதிர்த்துத்தான் அம்பேத்கர் வாழ்நாளெல்லாம் போராடினார்.

"இது ஆதிவாசிப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். சட்டத்தைப் பிரித்துப் படியுங்கள். பழங்குடிப் பட்டியலில் இல்லாத வனவாசி, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். காட்டோரத்தில் விறகும் புல்லும் நம்பி வாழும் தலித் குடும்பம் இந்தக் கணக்கில்தான் வரும். 1930இல் நம் பாட்டியின் பெயரை எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்? மூத்தோரின் வாய்மொழியும் சாட்சி என்று விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காகிதத்தைத்தான் கேட்கிறார். சில இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஓய்வுபெற்ற வன அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினைந்தாம் நாள் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பதினைந்து நாளும் கத்தி ஆதிவாசியின் கழுத்தில் மட்டுமல்ல, நம் கழுத்திலும் இருந்தது.

புலியைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புலிக்கு மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தீ வேண்டும், தீக்கு அதை அறிந்த மனிதர் வேண்டும். அந்த மனிதரை வெளியேற்றிவிட்டுக் காடு காக்கிறேன் என்பவர் காட்டைப் பார்க்கவில்லை, தன் அதிகாரத்தைப் பார்க்கிறார்.

சூழலியல், சட்டம், சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தீயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, புல்லைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா, எந்தக் கிராம சபையைக் கேட்டு எழுதினார்கள் என்று பாருங்கள். பிறகு அந்தக் காகிதத்தோடு ஊருக்குள் போய், அங்கிருக்கும் வயதான அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியை அங்கிருந்து தொடங்குவோம்.