பொதுப் பந்தியும் தனிப் பந்தியும்

எங்கள் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் இடைவேளையின்போது ஒரு சந்தேகத்துடன் என்னிடம் வந்தார். சென்னையில் வாழும் அவருடைய மைத்துனர், வரும் விடுமுறையில் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலிற் பயணம் செய்ய எண்ணி, நண்பரின் குடும்பத்தையும் உடன்வர அழைத்திருக்கிறாராம்.

"கப்பற் கட்டணத்திலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம் என்கிறார்கள். அப்படியிருக்க, அதே கப்பலில் தனிக்காசு கொடுத்து உண்ணும் உணவுச்சாலையும் உண்டாம். அதற்கும் இடம் பதியட்டுமா என்று மைத்துனர் கேட்கிறார். ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம் கொடுப்பது எந்தக் கணக்கிற் சேர்த்தி?" என்றார் நண்பர்.

கணித ஆசிரியருக்கே விளங்காத கணக்கைத் தமிழாசிரியன் எப்படி விடுவிப்பது? மேலும், நான் அத்தகைய கப்பலில் ஏறியவன் அல்லன். மலையகத்தார் அறிந்த கப்பல் வேறு. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற 'இராமானுஜம்' கப்பலில் எங்கள் உறவினர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் ஏறிப் போயினர். அந்தப் பயணத்திற் கட்டுச்சோறே விருந்து; உணவின் வகைபற்றி ஆராய எவருக்கும் மனம் இருக்கவில்லை.

எனினும், இந்தக் கேள்விக்கு விடை கூறத் தகுந்த ஒருவனை நான் அறிவேன். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, என்னிடம் தமிழ் படித்து, பின்னர் ஹோட்டல் தொழில் பயின்று, ஆறு ஆண்டுகளாக உல்லாசக் கப்பல்களில் உணவு பரிமாறி வரும் மாணவன் அவன். விடுமுறையில் வீடு வந்திருந்தவனை அழைத்து விசாரித்தேன். அவன் சொன்னவற்றையும் நான் படித்தறிந்தவற்றையும் நேயர்கள்முன் வைக்கிறேன். நமது மலைநாட்டிலே எனக்கு நேர்ந்த ஓர் அனுபவமும் இதனோடு சேரும்.

உல்லாசக் கப்பல்களிற் பொது உணவுக்கூடம் ஒன்றேனும் இருக்கும். விரும்பியதைத் தாமே எடுத்து உண்ணும் கூடமும் இருக்கும். இவ்விரண்டும் பயணச்சீட்டில் அடக்கம். இவற்றுக்கு அப்பால், இத்தாலிய உணவுக்கு ஒன்று, இறைச்சி வகைகளுக்கு ஒன்று, கீழைநாட்டு உணவுக்கு ஒன்று எனச் சிறு சாலைகள் தனிக்கட்டணத்தில் நடைபெறும். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்ததைப் பத்திரிகைகளிற் கண்டோம். 1990இல் பிரான்ஸ் நாட்டிற் கட்டப்பட்ட அக்கப்பலிலும் பொதுக் கூடங்களோடு, 'சாப்ஸ்டிக்ஸ்' என்ற பெயரில் தனிக்கட்டணச் சாலை ஒன்று இருந்தது.

இந்த வழக்கம் புதியதன்று. 1905ஆம் ஆண்டில் ஜெர்மானியரின் 'அமெரிக்கா' என்னும் கப்பலிலே, புகழ்பெற்ற ஹோட்டல்காரர் சேசர் ரிட்ஸின் பெயர் விளங்க இத்தகைய உணவுச்சாலை அமைக்கப்பட்டது. 1912இல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலிலும் முதல் வகுப்பினருக்கென ஒன்று இருந்தது. லூயிஜி கட்டி என்னும் இத்தாலியர் அதனை நடத்தினார். அங்கே ஒரு நியாயம் இருந்தமை கவனிக்கத்தக்கது. பொது உணவு வேண்டாம், தனிச் சாலையிலேயே உண்போம் என்று முன்கூட்டிச் சொல்லிச் சீட்டு வாங்கியவர்களுக்குப் பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்தார்கள். இன்றைய கப்பல்களில் அந்தக் கழிவு கிடையாது. பொதுப் பந்தியில் அமராது விட்ட சாப்பாட்டின் விலை கம்பனியிடமே தங்கிவிடுகிறது. நண்பர் கேட்ட கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பயணச்சீட்டின் விலையை இயன்றவரை குறைத்துக் காட்டினால் ஆட்கள் ஏறுவர். ஏறிய பின்னர் மதுபானம், கரையிறங்கிச் சுற்றிப் பார்த்தல், இணைய வசதி, தனி உணவு ஆகியவற்றால் மேல்வருமானம் தேடிக்கொள்ளலாம். இது வியாபாரத்தின் பக்கம். மறுபக்கமும் உண்டு. பெருங் கப்பலின் பொதுக் கூடத்தில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் உண்பர். அத்தனை பேருக்கும் ஒரே வேளையிற் சமைத்து வைத்ததையே பரிமாற முடியும். தனிச் சாலையிலோ ஆசனங்கள் சில. ஒருவர் கவனிக்கும் மேசைகளும் சில. கேட்ட பின்னரே பண்டம் அடுப்பில் ஏறுகிறது. மொட்டை மட்டும் தனியே கிள்ளிச் செய்யும் வெள்ளைத் தேயிலைக்கு ஏன் விலை அதிகம் என்று நம் மலைநாட்டு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செடி ஒன்றே, அதன்மேற் செல்லும் கைவேலை அதிகம். தனிக்கட்டணத்தில் நேர்மையான பகுதி இந்தக் கைவேலைக்குரியது.

"ஐயா, சைவக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்" என்றான் என் மாணவன். பல தனிச் சாலைகளில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். இறைச்சிக்கும் கடலுணவுக்கும் பெயர்போன சாலையிலே மரக்கறி உண்பவர் அதே பணத்தைக் கொடுத்து, இரண்டு இலைக்கறியும் ஒரு கிழங்கும் உண்டு எழுவதை அவன் பலமுறை பார்த்திருக்கிறானாம். பண்டத்துக்குப் பண்டம் விலை போடும் சாலையாயின் அந்த நட்டம் இல்லை. கட்டணத்தின்மேற் சேவைக் கட்டணமும் வரியும் ஏறுவதுண்டு; ஆதலின் இறுதித் தொகையைக் கேட்டறிந்த பின்னரே தலையசைக்க வேண்டும். முன்கூட்டிப் பதிந்தால் விலை குறைவதுண்டு. இரண்டு மூன்று இரவுப் பயணமாயின் பொதுக் கூடத்தின் வகைகளையே உண்டு முடிக்க முடியாது. ஏழெட்டு நாட் பயணத்தில் ஒரு மாலைக்கு மாறுதலாக அமையலாம். இவை அவன் கூறிய புத்திமதிகள்.

இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும், மனத்தில் ஒரு நெருடல் எஞ்சுகிறது. ஒரே கப்பலில் ஏறியவர்களுக்குள் இரண்டு பந்தியா? நம்மவரிடையே 'பந்தி வஞ்சனை' என்றொரு சொல் உண்டு. ஒரே பந்தியில் இருப்பவர்களுள் வேண்டியவர் இலையில் நெய்யும், வேண்டாதவர் இலையில் மோரும் விடுவது அது. அதைவிடப் பெரிய குற்றம் சாப்பாட்டு விஷயத்தில் இல்லை என்பது பெரியோர் கொள்கை. தனிக்கட்டண உணவு அந்த வஞ்சனையைச் சேர்ந்ததா?

இதற்குக் கப்பலில் அன்று, கந்தப்பளையில் எனக்கு விடை கிடைத்தது.

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியிலுள்ள கந்தப்பளையில், ஹெதர்செட் என்னும் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. முன்னொரு காலத்தில் அத்தோட்டத்துக்கு உடையவராயிருந்த துரையின் பெயர் பிளவர்டியூ; நம்மவர் அப்பெயரை அப்படியே தமிழாக்கித் தோட்டத்தைப் 'பூப்பனி' என்றழைத்தனர் என்பர். பல்லாண்டுகள் மூடிக் கிடந்த தொழிற்சாலை 1996ஆம் ஆண்டில் ஹோட்டலாயிற்று. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கை அறைகளாயின. அங்கே பொது உணவுக்கூடம் உண்டு. அதனோடு, பழைய புகையிரதப் பெட்டி ஒன்றைச் செப்பனிட்டு, 'டி.சி.கே. 6685' என்று பெயரிட்டு, தனியே இடம் பதிந்து தனிக்கட்டணத்தில் உண்ணும் சாலையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். கப்பலில் உள்ள அதே ஏற்பாடு நம் மலையிலும் இருக்கிறது.

என் தாயார் எழுபதைக் கடந்தவர். மணமாகி ஹட்டன் பக்கம் வருமுன்னர், அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து போன மலைகளிலேயே பேர் பதிந்தவர். மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு கிடைத்த மகிழ்ச்சியில், நாங்கள் நால்வரும் ஓர் இரவு அங்கே தங்கினோம். இரவு உணவு அறை வாடகையில் அடக்கம். ஆயினும், பாட்டிக்கும் பேத்திக்குமாக அந்தப் புகையிரதப் பெட்டியில் இரண்டு ஆசனங்கள் மட்டும் பதிந்தேன். நால்வருக்கும் பதிய என் சம்பளம் இடங்கொடுக்கவில்லை என்பதை ஒளிப்பானேன்?

செய்தியைச் சொன்னதும் தாயார் கேட்ட முதற் கேள்வி: "தம்பி, இது எத்தனை பேருக்கு வரும்?"

தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பது வழக்கம். நிறை போதாவிட்டால் அரைப்பேர். அவர் எந்தப் பொருளின் விலையையும் இந்த அளவுகோலாலேயே அளப்பவர். நான் தயங்கினேன். "எங்க காலத்துப் பேருக்கா கணக்குப் பாக்குற? இப்பத்த பேருக்குச் சொல்லு" என்றார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். அந்தத் தொகையால் வகுத்துச் சொன்னேன். விடையை இங்கே எழுதவில்லை, விலைகள் மாறும். ஆனால் அந்த எண்ணை வாயாற் சொல்லும்போது எனக்குக் கூச்சமாயிருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படின்னா மெல்ல மென்னு சாப்பிடணும்" என்று எழுந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் மனைவியும் பொதுக் கூடத்தில் உண்டோம். சோறும் கறியும் பலகாரமும் குறைவின்றி இருந்தன; எங்களுக்கு மோரும் அங்கே நெய்யும் என்ற எண்ணம் எழவேயில்லை. ஆனால் தட்டெடுத்து நடப்போரும் வருவோருமாக இருந்த அந்தக் கூடத்தில் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம். பாட்டியும் பேத்தியும் வர ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று.

என்ன உண்டாய் என்று மகளைக் கேட்டேன். இரண்டொரு பண்டத்தின் பெயரே நினைவிருந்தது. ஆனால் வேறு செய்திகளை நிறையக் கொண்டு வந்திருந்தாள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1904ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு புகையிரதப் பாதை இருந்ததையும், அது 1948இல் மூடப்பட்டதையும் நான் புத்தகத்திற் படித்திருக்கிறேன். தம் தாயார் சிறுமியாயிருந்தபோது அந்தச் சிறு வண்டியில் ஏறி வந்த கதையை, அத்தகைய பெட்டியொன்றினுள் அமர்ந்தபடி பாட்டி சொல்லியிருக்கிறார். கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுத்ததோடு தம் வேலை முடிந்தது என்றும், அந்தத் தொழிற்சாலையின் உள்ளே கால் வைத்தது இன்றுதான் முதன்முறை என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்கு மகனாய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நான் இவற்றைக் கேட்டதில்லை. கேட்க இரண்டு மணி நேரம் ஒதுக்கியதும் இல்லை.

உணவு எப்படி இருந்தது என்று தாயாரிடமும் கேட்டேன். "சோறு எங்கேயும் சோறுதான் தம்பி. ஆனா அங்க யாரும் எங்கள எழும்பச் சொல்லல" என்றார். மலையில் நின்றபடி ரொட்டியை விழுங்கிவிட்டு மறுபடியும் நிரைக்கு ஓடிய ஒருவர், வாழ்க்கையில் முதன்முறையாக அவசரமின்றி உண்டிருக்கிறார்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். தனிச் சாலையில் நாம் வாங்குவது பெரும்பாலும் நேரத்தையும் அமைதியையும்; உணவு அவற்றோடு வருவது. உணவுக்காக மட்டும் போவதாயின் பணம் வீண். பொதுப் பந்தியே போதும். மனம்விட்டுப் பேச வேண்டிய ஒருவருடன் ஒரு மாலை அமர்வதாயின் தகும். ஒவ்வொரு மாலையும் சென்றால் அதுவும் இன்னொரு பொதுப் பந்தியாகிவிடும். பொதுப் பந்தி நிறைவாக இருக்கும்வரை தனிப் பந்தி வஞ்சனையன்று. தனிப் பந்திக்கு ஆள் சேர்ப்பதற்காகப் பொதுப் பந்தியின் தரத்தைக் குறைக்கும் கப்பல் உண்டாயின், அங்கே கொடுக்கும் தனிக்காசு தண்டப்பணமேயாகும். அத்தகைய கப்பலில் ஏறாதிருப்பதே நலம்.

இன்னும் ஒன்று. டைட்டானிக் கப்பலின் அந்த உணவுச்சாலையில் வேலை செய்த அறுபதுக்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் மூவரே. உண்டவர்களின் கதைகளையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பரிமாறுபவன் எந்த ஊரான் என்று ஒரு வார்த்தை கேட்பதற்குத் தனிக்கட்டணம் இல்லை. என் மாணவனும் அத்தகைய மேசையொன்றின் அருகிலேயே நிற்கிறான்.

நண்பர் சிறிது நேரம் யோசித்தார். "மைத்துனருடைய தாயாரும் பயணத்துக்கு வருகிறார். அவரோடு பிள்ளைகளை ஒரு மாலைக்கு மட்டும் அனுப்பினால் எத்தனை பேராகும்?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மணி அடித்துவிட்டது. கணக்கை அவரிடமே விட்டுவிட்டு நான் வகுப்புக்குப் போனேன்.