புதிய பாதை திறந்தால் பழைய பாதையைத் தகர்க்க வேண்டுமா?

திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்வோருக்கு வழிகள் பல. நடந்து ஏறுவோருக்கு அலிபிரிப் படிகள் உள்ளன. சீனிவாசமங்காபுரம் பக்கமிருந்து வருவோருக்கு ஸ்ரீவாரி மெட்டு உள்ளது. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த 1944ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாம் மலைப்பாதை வந்தது. இன்று புதிய பாதையில் வண்டிகள் ஏறுகின்றன. பழைய பாதையில் இறங்குகின்றன. பேருந்து வந்துவிட்டது என்பதற்காகப் படிகளை எவரும் பெயர்த்தெடுக்கவில்லை.

கணினி விளையாட்டு உலகில் நிலைபெற்றுள்ள வழக்கம் இதற்கு நேர்மாறானது. புதுப்பிப்பு வருகிறது, அதே நொடியில் பழைய பதிப்பு மறைகிறது, அதன் மீது விளையாடுவோர் ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்பிய ‘மோட்’கள் ஓரிரவில் செயலிழக்கின்றன. அவர்கள் குரல் எழுப்பினால், “ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கூச்சலா?” என்று ஏளனம் செய்யப்படுகிறது. வருந்தத்தக்க செய்தி, அந்த ஏளனம் கல்விப்புலத்திலிருந்தும் எழுவதுதான். பதிப்பு, பாடபேதம், ஆவணம் ஆகியவற்றின் அருமையைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டியவர்களே அவ்வாறு பேசுவது அறிவுக்குப் பொருந்தாது.

நடந்தவற்றை முதலில் நோக்க வேண்டும். 2015 நவம்பரில் வெளியான ‘ஃபால்அவுட் 4’ என்னும் விளையாட்டுக்கு, 2024 ஏப்ரல் 25 அன்று பெதஸ்டா நிறுவனம் ஒரு பெரும் புதுப்பிப்பை வெளியிட்டது. அதே மாதத்தில் அவ்விளையாட்டை ஒட்டிய தொலைக்காட்சித் தொடர் வெளிவந்து, பல்லாயிரவர் மீண்டும் விளையாடத் தொடங்கியிருந்தனர். புதுப்பிப்பு இலவசம். ஆனால் எண்ணற்ற மோட்கள் அடித்தளமாகக் கொண்டிருந்த, தன்னார்வலர்கள் ஆக்கிய ‘எஃப்4எஸ்இ’ என்னும் இணைப்பு மென்பொருள் அன்றே செயலற்றது. அதன் மீது நின்ற மோட்களும் உடன் வீழ்ந்தன.

அதே ஏப்ரல் 23 அன்று ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்னும் பெரும் மோட் வெளிவருவதாக இருந்தது. ஒரு தன்னார்வக் குழு பல ஆண்டுகள் உழைத்து, முழு விளையாட்டுக்கு நிகரான அளவில் உருவாக்கிய படைப்பு அது. வரவிருந்த புதுப்பிப்பின் காரணமாக வெளியீடு தள்ளிப்போயிற்று. இறுதியில் ஜூலை 25 அன்றே வெளிவந்தது. அப்போதும் அது விளையாட்டின் பழைய பதிப்பின் மீதே இயங்கியது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருந்ததனால்தான் அந்த உழைப்பு பிழைத்தது.

இது புதிய கதையன்று. 2021 நவம்பர் 11 அன்று, ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி வந்த புதுப்பிப்பும் இதையே செய்தது. நிரலைத் தொகுக்கும் கருவியை நிறுவனம் மாற்றியிருந்தது. விளையாட்டின் இயக்கக் கோப்பு முழுவதும் புதிதாக அமைந்தது. 1.5.97 என்னும் பழைய பதிப்புக்குத் திரும்புவதற்கான கருவியை விளையாடுவோரே ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.

இஃது ஏன் நிகழ்கிறது என்பதை ஆய்வு மாணவர் எவரும் எளிதில் உணரலாம். இத்தகைய இணைப்புகள், விளையாட்டின் நிரலில் இன்ன செயல் இன்ன முகவரியில் உள்ளது என்று கணக்கிட்டு எழுதப்படுபவை. நிரல் மறுபடி தொகுக்கப்பட்டால் முகவரிகள் யாவும் இடம் மாறும். ஒரு நூலின் பக்க எண்களைச் சுட்டி ஆய்வேடு எழுதிய பின், அந்நூல் வேறு எழுத்தளவில் மறுபதிப்பானால் அடிக்குறிப்புகள் அனைத்தும் பிழையாகும் அல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது. வேறுபாடு ஒன்றே: மறுபதிப்பு வந்ததும் நூலகர் வீடு வீடாகச் சென்று முதற்பதிப்பைப் பறிமுதல் செய்வதில்லை.

திருப்பதியிலும் வேலூரிலும் இளைஞர் கையிலுள்ள கைபேசிக்கு இச்சிக்கல் தொலைவானதன்று. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ தென்னிந்திய இளைஞரிடையே பரவியதற்குக் காரணம் இந்தோனேசியச் சாலைகள் அல்ல. பேருந்தின் வண்ணத்தையும் வடிவத்தையும் விளையாடுவோரே மாற்றிக்கொள்ள அது இடமளித்தது. ஆந்திர அரசுப் பேருந்து, தமிழக அரசுப் பேருந்து, கேரளத்தின் தனியார் சுற்றுலாப் பேருந்து என்று தம் கண்முன் ஓடும் வண்டிகளை அவர்கள் அதில் ஏற்றினர். முகப்பு விளக்கின் வளைவு, பெயர்ப்பலகையின் எழுத்து, ஒலிப்பானின் ஓசை வரை பொருத்தினர். ஊதியம் பெறாமல், வகுப்பறைக்குச் செல்லாமல், முப்பரிமாண வடிவமைப்பை அவர்கள் கற்றுக்கொண்டது இவ்வாறுதான்.

விளையாட்டின் கோப்புகளையே மாற்றிச் செய்யப்படும் மோட்கள் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே பொருந்துபவை. பிளே ஸ்டோர் வழியே ஒருமுறை புதுப்பித்துவிட்டால், பழைய பதிப்பைத் திருப்பித் தரும் பொத்தான் எதுவும் அங்கு இல்லை. ஆகவே இளைஞர்கள் அடையாளம் தெரியாத எவரோ பதிவேற்றிய பழைய கோப்பைத் தேடிப் பதிவிறக்குகின்றனர். அதனுள் விளையாட்டு மட்டும்தான் இருக்கிறதா, கைபேசியை உளவு பார்க்கும் நிரலும் இருக்கிறதா என்பது இறக்குவோருக்குத் தெரியாது.

இனி, நிறுவனங்களின் பக்கம் நின்று வழக்கமாக முன்வைக்கப்படும் வாதங்களைக் காண்போர் அவற்றின் வலுவின்மையை உணர்வர்.

முதலாவது, உரிமம். ‘நீங்கள் விளையாட்டை வாங்கவில்லை, பயன்படுத்த உரிமம்தான் பெற்றீர்கள்’ என்பர். ஆயினும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), பிரிவு 52(1)(அஅ), கணினி நிரலின் படியை முறையாக வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ளக் காப்புப்படி எடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பழைய பதிப்பைத் தொடர்ந்து வழங்குமாறு இச்சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை, அது மெய்யே. ஆனால் பயனர் கையிலுள்ள படி பாதுகாக்கத் தக்க ஒன்று என்னும் கொள்கையைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அக்கொள்கையையே விளையாடுவோர் கோருகின்றனர்.

இரண்டாவது, இலவசம். ‘விலையின்றித் தந்ததைக் குறை கூறலாமா?’ என்பர். வீட்டுக்காரர் இலவசமாகச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கலாம். அதற்காகக் குடியிருப்பவரின் அலமாரியை உடைத்து வெளியே எறியலாகாது. 2020 ஜனவரியில் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ வெளியானபோது, அதை வாங்காமல் பழைய விளையாட்டை மட்டும் வைத்திருந்தோரின் மென்பொருளையும் பிளிஸார்டு மாற்றியது, முன்பு இருந்த சில வசதிகள் அவர்களுக்கும் இல்லாமற்போயின. விளையாடுவோர் ஆக்கும் வரைபடங்களின் உரிமை தனக்கே என்னும் விதியையும் அந்நிறுவனம் வகுத்தது. அதே விளையாட்டின் மோடாகத் தோன்றிய ‘டோட்டா’ பின்னாளில் பெரும் வணிகமானதை எண்ணினால், அவ்விதியின் உள்நோக்கம் விளங்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ‘பழைய பதிப்பில் ஓட்டைகள் இருக்கும்’ என்பர். இணையவழிப் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு இவ்வாதம் பொருந்தும். அங்கு அனைவரும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். தனியொருவர் தம் கணினியில் ஆடும் விளையாட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. நேர்வழியை அடைப்பதால்தான் இளைஞர் ஐயத்துக்குரிய கோப்புகளை நாடுகின்றனர் என்பதை மேலே கண்டோர், பாதுகாப்பைக் குலைப்பது எதுவென்று தாமே முடிவு செய்யலாம்.

நான்காவது, ‘மோட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்னும் கைகழுவல். பொறுப்பில்லை என்பவர்கள் பயனையும் மறுக்க வேண்டும் அல்லவா? 2015 ஏப்ரலில் வால்வும் பெதஸ்டாவும் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கின. விலையில் மோட் செய்தவருக்குக் கிடைப்பது 25 விழுக்காடு. எஞ்சியது இரு நிறுவனங்களுக்கும். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. வருவாயில் முக்காற்பங்கு கேட்கும்போது தோன்றிய உறவு, புதுப்பிப்பு வரும்போது மட்டும் எங்கே மறைகிறது?

இவை எதுவும் செய்ய இயலாதவை அல்ல. ‘மைன்கிராஃப்ட்’ ஜாவா பதிப்பில் பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளையும் இன்று தெரிவுசெய்து இயக்கலாம். செக் நாட்டு எஸ்சிஎஸ் நிறுவனத்தின் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ விளையாட்டில், ஸ்டீம் தளத்தின் வழியே பழைய பதிப்புக்குத் திரும்ப முடிகிறது. ‘ஸ்டார்டியூ வேலி’ பெரும்பாலும் தனியொருவர் உழைப்பில் உருவானது. 2024 மார்ச்சில் அதன் 1.6 பதிப்பு வருமுன்பே, மோட் செய்வோர் ஆயத்தமாவதற்கான மாற்றக் குறிப்புகள் கிடைத்தன. ஒரு தனிமனிதருக்கு இயன்றது ஒரு பெருநிறுவனத்துக்கு இயலாது என்பதை எவர் நம்புவர்?

விளையாடுவோரின் பிழையையும் மறைக்கலாகாது. புதுப்பிப்பு வந்த மறுநாள் அவர்களுள் சிலர் வசைபாடுவது நிறுவனத்தை அன்று. ஊதியமின்றி உழைக்கும் மோட் செய்பவரைத்தான். ‘எப்போது சரிசெய்வாய்?’ என்று மாணவர் ஒருவரை, அவர் தேர்வுக் காலத்தில், நூறு பேர் மிரட்டுவது எதிர்ப்பாகாது. அத்தகைய வசை, பலர் இத்துறையை விட்டே விலகக் காரணமாகிறது. சினம் நியாயமானது, அதன் இலக்கு பிழையானது.

கல்விப்புலத்தின் பிழை இதனினும் பெரிது. தமிழில் ஆய்வு செய்வோர் பதிப்பு மாற்றத்தின் வலியை அறியாதவர் அல்லர். இருபது ஆண்டுகளுக்கு முன் தனித்தனி எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகள் இன்று திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. அந்த அவலத்தின் பாடத்தை ஒருங்குறி அமைப்பு கற்றுக்கொண்டது: 1996இல் வந்த 2.0 பதிப்பில் கொரிய எழுத்துகள் இடம் மாற்றப்பட்ட பின், குறியேற்றப்பட்ட எந்த எழுத்தும் இனி இடம் மாறாது, நீக்கப்படாது என்று உறுதியளித்தது. தமிழ் எழுத்துக்கு அவ்வுறுதியை வேண்டி நிற்பவர், ஓர் இளைஞர் இழைத்த பேருந்துக்கு அதுபோன்ற உறுதி கேட்கப்படும்போது நகைப்பது எவ்வகை நீதி?

குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் உள்ளது. திருப்பதியில் 1954 முதல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் உள்ளது. பேருந்து வண்ணங்களும் வண்டிகளில் தீட்டிய எழுத்துகளும் மக்கள் கலை என்று ஏற்கப்படும் இந்நாளில், அவற்றைத் திரையில் மறு ஆக்கம் செய்யும் இளைஞரின் தொழில்திறனும் தொகுக்கப்பட வேண்டிய வழக்காறே. வண்டி வயதாகி உடைபடும். மோடும் அழிந்தால் அவ்வண்ணத்துக்குச் சான்றே இராது.

கோரிக்கைகள் மூன்று. தனியாக ஆடும் விளையாட்டின் பழைய பதிப்பை, வாங்கியவருக்கு நிறுவனமே தொடர்ந்து வழங்க வேண்டும். மோட் செய்வோருக்குப் புதுப்பிப்பு நாளை முன்னறிவித்துச் சோதனைப் பதிப்பும் தர வேண்டும். பயனரின் இசைவின்றி எந்தப் புதுப்பிப்பும் இறங்கலாகாது.

ஆய்வாளர்களுக்கு ஒன்று உண்டு. விளையாட்டொன்றை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டுவோர் அதன் பெயரோடு பதிப்பு எண்ணையும், பயன்படுத்திய மோட்களையும், ஆடிய நாளையும் குறிப்பிடுக. எந்தப் பதிப்பைக் கண்டோம் என்று சொல்லாத ஆய்வு, எந்தச் சுவடியைப் படித்தோம் என்று சொல்லாத பதிப்புரையைப் போன்றது.